சரி என்று சொல்லக் கூடாது

"சரி" என்ற சொல்லைக் கேட்டாலே விசிறிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. வங்கி மேலாளராக இருக்கட்டும், நீதிபதியாக இருக்கட்டும், "சரி" என்று வாயை விட்டால் தீர்ந்தது. விசிறியில் கையே வைக்க மாட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, புல்தரையைத் தாண்டிப் போய்க் கொட்டகைச் சுவர் ஓரமாக நின்றுகொள்வார். உள்ளே இருப்பவர் தலையை நீட்டி, என்ன ஏது என்று கேட்டு, கெஞ்சி, சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லுகிறவரை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

வேலை அப்படி. அந்தப் பறக்கும் கழகத்தில், கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு என்று இருந்தது ஒரே ஒரு சின்ன விமானம். இரண்டு பேர் உட்காரலாம். அதன் மூக்கில் ஐந்து சிலிண்டர்கள் நட்சத்திரம்போல வட்டமாக விரிந்து நிற்கும் ஒரு பழைய இன்ஜின். தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. பறக்கும்போது முகத்தில் வந்து அடிக்கிற காற்றுதான் அதைக் குளிர வைக்க வேண்டும். அந்தக் காற்றைப் பிடிப்பதற்காக ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். மூடி கீடி ஒன்றும் இல்லை. வால்வுகளைத் தட்டும் கம்பிகளும் கைகளும் வெட்டவெளியில் ஆடிக்கொண்டிருக்கும். தினமும் கிரீஸ் வைக்காவிட்டால் முறைத்துக்கொள்ளும். பொத்தானை அமுக்கினால் கிளம்புகிற ரகமும் இல்லை. யாராவது ஒருவர் முன்னால் நின்று, விசிறியைக் கையால் இழுத்துச் சுற்றிவிட வேண்டும். அந்த யாராவதுதான் நம் ஆள். சிற்றுண்டிக் கடைக்காரருக்கு "புரொப்பெல்லர்" என்ற சொல் வாயில் நுழையவில்லை. "விசிறி" என்றார். அன்றிலிருந்து இவர் விசிறிக்காரர் ஆனார். சொந்தப் பெயரை எல்லாரும் மறந்தே போனார்கள்.

சுற்றுவதற்கு ஒரு முறை உண்டு. விமானம் சும்மா நிற்கும்போது இன்ஜினுக்குள் இருக்கிற எண்ணெய் மெல்லக் கசிந்து, கீழ்ப்பக்கத்துச் சிலிண்டர்களில் போய்த் தேங்கிக்கொள்ளும். அப்படியே கிளப்பினால் உள்ளே ஏதாவது வளைந்து தொலையும். ஆகவே முதலில் சுவிட்சை அணைத்து வைத்துவிட்டு, விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். அவர் "ஆஃப்?" என்று கத்துவார். உள்ளே இருப்பவர் சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே சொல்லை "ஆஃப்!" என்று திருப்பிக் கத்த வேண்டும். அப்புறம்தான் இவர் கை விசிறியில் படும். கிளப்புகிற நேரம் வந்ததும் "காண்டாக்ட்?" என்பார். உள்ளேயிருந்து சுவிட்சைப் போட்டுவிட்டு "காண்டாக்ட்!" என்று பதில் வர வேண்டும். உடனே ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, பின்னால் துள்ளி விலகிவிடுவார். "ஆன்" என்று யாரும் சொல்வதில்லை. காற்றடிக்கிற வெளியில் ஆனும் ஆஃபும் ஒன்றுபோலவே கேட்கும். மாற்றிக் கேட்டுவிட்டுக் கையை வைத்தால் கை போய்விடும், தலையே போனாலும் போகும்.

"சரின்னா என்ன அர்த்தம்?" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் கேட்பார். "கேட்டுச்சுன்னு அர்த்தமா, கேக்கலைன்னு அர்த்தமா, ஆளை விடுப்பான்னு அர்த்தமா? அதெல்லாம் வீட்டுல பொண்டாட்டி பேசறப்ப சொல்றதுக்குன்னு இருக்கற வார்த்தை. இங்க கொண்டு வராதீங்க. நான் என்ன சொல்றேனோ அதையே திருப்பிச் சொல்லுங்க. போதும்."

பெண்டாட்டி பேசுவதைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடாதீர்கள். வாலிப வயதில் ஓரிடத்தில் கல்யாணப் பேச்சு நடந்தது. பையனுக்கு என்ன வேலை என்று பெண்ணின் அப்பா கேட்க, இவர் வாயைத் திறந்து "விசிறி சுத்தறேங்க" என்று சொல்லித் தொலைத்தார். எவனோ பணக்காரன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விசிறுகிற உத்தியோகம் என்று நினைத்துக்கொண்ட அந்த மனிதர், காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டார். கூடவே போயிருந்த தங்கை, வழியெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தாள். "ஏரோப்ளேன்னு ஒரு வார்த்தையை முன்னாடி சேத்துக்கிட்டா வாய் வலிச்சிடுமா உனக்கு?" அதற்கப்புறம் வேறு பேச்சு வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் தானாகவே அவிந்துபோயின.

அந்தத் தங்கை ஒருத்திதான் அவருக்கென்று இருந்தவள். கல்யாணமாகி, சில வருஷத்திலேயே கணவனைப் பறிகொடுத்து, பஸ்ஸில் அரை நாள் தூரத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் அண்ணனுக்குத் தங்கை, தங்கைக்கு அண்ணன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடுவாள்.

போன் அவருடைய அறையில் இல்லை. சலவைக் கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் குடியிருந்தார். எப்போதும் சுவரில் ஒரு ஈர வாசனை, ஜன்னல் கண்ணாடியில் ஆவி. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தம்ளர். இரண்டாவது தம்ளர் வாங்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. யார் வந்து குடிக்கப்போகிறார்கள்? போன் கீழே கடை மேஜையில் இருந்தது. மணி அடித்தால் சலவைக்காரர் மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பார். அது முன்பு. இப்போதெல்லாம் குரல் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், துணி கிளறுகிற கம்பால் கூரையை இடிக்கிறார். மேலே தரை அதிர்வது விசிறிக்காரருக்குப் பாதத்தில் தெரியும். உடனே இறங்கி வருவார்.

ஆமாம், அதுதான் விஷயம். விசிறிக்காரருக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

ஒரே நாளில் போய்விடவில்லை. அந்த ஐந்து சிலிண்டரின் வாய்க்கு முன்னால் அத்தனை வருஷம் நின்றால் யார் காதுதான் தாங்கும்? முதலில் கொட்டகைக் கூரையில் இருந்த குருவிகள் நின்றுபோயின. எங்கேயோ பறந்து போய்விட்டன என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால் அவை அங்கேயேதான் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அப்புறம் மனிதர் பேச்சு. பேச்சிலே உயிரெழுத்து மட்டும் வந்து சேரும், மெய்யெழுத்தெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். யாராவது நீளமாகப் பேசினால் ஆ, ஈ, ஓ என்று ஏதோ காற்று ஊதுவதுபோல இருக்கும். இன்ஜின் சத்தம் மட்டும் குறைவில்லாமல் கேட்டது. ஐந்தில் எது சரியாகத் துடிக்கவில்லை என்று நெஞ்சுக்கூட்டிலேயே தெரிந்தது. காதைக் கெடுத்ததே அந்தப் பாழாய்ப்போன இன்ஜின்தான், ஆனால் அது ஒன்றுதான் இன்னும் அவரோடு பேசியது.

யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காதவனை எந்தக் கழகம் விசிறிக்கு முன்னால் நிறுத்தும்? நிறுத்தவும் கூடாது. அது அவருக்கே நன்றாகத் தெரியும். ஆனால் அங்கேயிருந்து இறக்கிவிட்டால் அவருக்கு மிச்சம் என்ன? நாள் முழுக்க ஒரு மனிதப் பிறவி அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொல்கிற சொல் அந்த இரண்டுதான். ஆஃப், காண்டாக்ட். இவர் ஒன்றைச் சொல்ல, அதே சொல் இன்னொரு வாயிலிருந்து இவரிடமே திரும்பி வருகிறது. அந்த ஒரு நிமிஷத்துக்காக விடியும்போதே எழுந்து, முகச்சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வருவார். அதையும் பிடுங்கிக்கொண்டால் அந்த ஈரச் சுவரும் ஒற்றைத் தம்ளரும்தான்.

ஆகவே சமாளித்தார். சிற்றுண்டிக் கடையில் எல்லாரும் சிரித்தால் இவரும் சிரிப்பார், ஒரு விநாடி பிந்தி. யாராவது ஏதாவது கேட்டால், "அட, அதை ஏன் கேக்கறீங்க" என்பார். எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் அது. விசிறிக்கு முன்னால் நிற்கும்போது உள்ளே இருப்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஆஃப்" என்றால் மேல்பல் கீழுதட்டைக் கவ்வும். "காண்டாக்ட்" என்றால் வாய் இரண்டு முறை திறந்து மூடும். ஊர் சிரித்தாலும் சரி, இந்த வித்தையில் அவர் கெட்டிக்காரர்தான்.

அங்கே கண் இருந்தது, காப்பாற்றியது. போனில் கண்ணுக்கு என்ன வேலை? தங்கை பேசும்போது அந்தக் கருப்பு ரிசீவரிலிருந்து ஆவும் ஈயும்தான் வந்தன. இவர் என்ன செய்தார் தெரியுமா? ஊரெல்லாம் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்ட அந்த ஒரே சொல்லைத் தங்கையிடம் சொல்ல ஆரம்பித்தார். "சரிம்மா." அவள் கொஞ்சம் நிறுத்தினால், "சரிம்மா." குரல் உயர்ந்தால், "சரிம்மா, சரிம்மா." ஆரம்பத்தில் அவள் கேலிகூடச் செய்தாள். அப்போது கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்த காலம். "அங்க யாராவது சரின்னா மூஞ்சியத் தூக்கிட்டுப் போயிடுவே. எங்கிட்ட மட்டும் சரி சரின்னு மாடு மாதிரி தலையாட்டறியே, அண்ணா!" அவர் அதற்கும் சிரித்துக்கொண்டே சரிம்மா என்றார்.

கடைசியாக அவள் போன் போட்டது மழைக்காலத்தில். அன்று வழக்கமான பேச்சு இல்லை. குரல் தணிந்திருந்தது. நீளமாகப் பேசினாள், நடுநடுவே நின்றாள். பின்னால் சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ரிசீவரைக் காதோடு அழுத்தி அழுத்திக் காது மடலே சிவந்துபோனது, ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. முடிவில் அவள் எதையோ கேட்டாள் என்பது மட்டும் புரிந்தது. கேள்விக்கு உரிய ஒரு இழுப்பு இருந்தது. இவர் பலமாக, சந்தோஷமாக, "சரிம்மா! கண்டிப்பா!" என்றார். அவள் வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றி, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கிப் போய் இவரே ஒருமுறை போட்டார். எடுத்தாள். சின்னதாக ஏதோ சொன்னாள், வைத்துவிட்டாள். அதன்பிறகு மழை நின்று பனியும் வந்துவிட்டது. எதற்கோ சரி என்று சொல்லியிருக்கிறோம், எதற்கு என்று தெரியவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். ஆனால், "அன்னைக்கு என்னம்மா சொன்னே?" என்று கேட்டால், "ஏன், அன்னைக்கு உனக்குக் கேக்கலையா?" என்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தார். என்ன ஜென்மமோ! அந்த அறையில் உட்கார்ந்து அவர் அழுததும் உண்டு. தன் அழுகைச் சத்தமாவது கேட்கிறதா என்று நடுவில் கவனித்துப் பார்த்தார், அதுவும் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கழகத்தில் பல் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். நாற்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், இனி எனக்குப் பிடித்ததை நான் செய்யப்போகிறேன் என்று கிளம்பி வந்தவர். நன்றாகப் பறப்பார், ஆனால் நாக்கில் சரி ஊறிப்போயிருந்தது. நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருக்கிற நோயாளிகளிடம் "சரி, சரி, முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிப் பழகிய நாக்கு. முதல் வாரத்தில் மட்டும் விசிறிக்காரர் பலமுறை கொட்டகைச் சுவரைப் பார்க்கப் போனார். கழகத்தில் அது பெரிய தமாஷாகிவிட்டது. பயிற்சி கொடுக்கிற கேப்டன்கூட மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். கேப்டனுக்கு உதட்டை முழுக்க மூடுகிற மீசை, ஆகவே அவர் என்ன சொல்லிச் சிரித்தார் என்று விசிறிக்காரருக்குத் தெரியாமலே போயிற்று.

ஒருநாள் டாக்டரம்மா விமானத்திலிருந்து இறங்கியதும் நேரே அவரிடம் வந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. என் தொழில்ல நான்தான் மத்தவங்க வாயைப் பாக்கணும். நீங்க ஏன் என் வாயையே பாக்கறீங்க? பல்லுல ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கா?"

வாயைப் பார்த்ததால் பாதி புரிந்தது. விசிறிக்காரருக்கு வியர்த்துவிட்டது. "அட, அதை ஏன் கேக்கறீங்க" என்றார். டாக்டரம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் காலைநேரம் வந்தது. பனி. புல்லெல்லாம் நனைந்து கிடந்தது, காற்று ஊசியாகக் குத்தியது. டாக்டரம்மா தோல் தொப்பியைப் போட்டு, கம்பளிச் சால்வையைக் கழுத்திலிருந்து மூக்குவரை சுற்றியிருந்தார். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சால்வையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு "ஆஃப்!" என்றார். விசிறிக்காரர் சுற்றிப் பார்த்தார். "காண்டாக்ட்!" என்றார். இவர் இழுத்தார். இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு அடங்கிப்போனது. குளிர் நாளில் அது சகஜம். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"ஆஃப்?" என்று கத்தினார்.

உள்ளே டாக்டரம்மா குனிந்தார். சால்வை மறுபடி மூக்குக்கு ஏறியிருந்தது. சுவிட்ச் சிக்கிக்கொண்டு கீழே வர மறுத்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே, குனிந்த தலையோடு, "ஆன்! இன்னும் ஆன்லதான் இருக்கு! இருங்க!" என்று அவர் கத்தியது கொட்டகைக்குள் இருந்த கேப்டனுக்கே கேட்டது. விசிறிக்காரருக்குக் கேட்டது வெறும் "ஆ". வாய் தெரியவில்லை. தோல் தொப்பி முன்னால் குனிந்தது தெரிந்தது. ஆமாம் என்று தலையாட்டுகிறார்போல என்று எண்ணிக்கொண்டார்.

கையை வைத்தார்.

இன்ஜின் ஒரே ஒரு உதை உதைத்தது. அவ்வளவுதான், உடனே நின்றும்விட்டது. வானம் தலைகீழாகப் போனதையும், ஈரப் புல் கன்னத்தில் பட்டதையும் அவர் உணர்ந்தார். வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய திசையில் இல்லை. டாக்டரம்மா ஓடி வந்து மண்டியிட்டு, சால்வையாலேயே அந்தக் கையைக் கட்டினார். அவர் வாய் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. விசிறிக்காரர் அதைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு அன்று பிற்பகலே அனுப்பிவிட்டார்கள். அறைக்குப் போக மனம் வராமல், பழக்கத்தில் கழகத்துக்கே வந்து நின்றார். கேப்டனின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கேப்டன் மேஜையில் விரலால் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரில் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். கழகத்தின் தோல் தொப்பியையும் கண்ணாடியையும் மேஜைமேல் வைத்தார், பத்திரமாக, மடித்து. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதைப் புரிந்துகொள்ளக் காது எதற்கு? முதல் வாரத்திலிருந்தே சொல்லில் தடுமாறுகிறவர் என்று கழகம் முழுக்கத் தெரியும். யாரும் சொல்லக் கூடாத "ஆன்" என்ற சொல்லைச் சொல்லியிருக்கிறார். பழி தானாகவே நடந்து போய் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டது. விசிறிக்காரர் சும்மா இருந்தால் போதும். எதுவும் பேசவே வேண்டாம். கை ஆறினதும் மறுபடியும் போய் விசிறிக்கு முன்னால் நிற்கலாம்.

கொஞ்ச நேரம் அவர் சும்மாதான் இருந்தார். அதை மறைப்பானேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தார். அப்புறம் உள்ளே போனார்.

"அவங்க மேல தப்பு இல்லைங்க" என்றார். குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவருக்கே தெரியவில்லை, கேப்டன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "பதில் கேக்காம நான் கை வெச்சிருக்கக் கூடாது. எனக்குப் பதில் கேக்கல. கேட்ட மாதிரி நானே நினைச்சுக்கிட்டேன்."

கேப்டனின் மீசை அசைந்தது. 'காற்றில் கேட்காமல் போவது சகஜம்தானே' என்பதுபோலக் கையை விரித்தார்.

"காத்து இல்லைங்க. எனக்குக் காது கேக்காது. காதே கேக்காது."

மீசை மறுபடி அசைந்தது. இத்தனை வருஷமாக இந்த இடத்தில்தான் அவர் "அட, அதை ஏன் கேக்கறீங்க" என்று சொல்வார். இன்று அது வரவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். "கேக்கல. மறுபடி சொல்லுங்க."

எத்தனை லேசான சொற்கள்! அவற்றைச் சொல்லாமல் இருப்பதற்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறார். மீசைக்காரர் அதற்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். டாக்டரம்மாதான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்கார வைத்து, எதிரில் உட்கார்ந்து, முகத்தை நேராகக் காட்டி, நோயாளியிடம் பேசுவதுபோல நிதானமாகக் கேட்டார்.

"வீட்டுல யாருக்காவது தெரியுமா?"

"வீட்டுல யாரு இருக்கா? வெளியூர்ல ஒரு தங்கச்சி இருக்கா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

விசிறிக்காரர் மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் கேட்காமல் கையை வைத்தது இன்று காலையில் மட்டும்தானா?

டாக்டரம்மாவுக்குத் தொப்பி திரும்பக் கிடைத்தது. விசிறிக்காரரை இனி விசிறி முன்னால் நிறுத்துவதில்லை என்று கேப்டன் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்காமல், எழுந்து வந்து, தோளில் கைவைத்து, வாயை அகலமாகத் திறந்து சொன்னார். இன்ஜினைக் கழற்றிப் பூட்டுகிற வேலை கொட்டகைக்குள் இருக்கிறது, அதைப் பார்க்கலாம் என்றார். நல்ல மனிதர்தான். விசிறிக்காரர் அவர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். பிறகு வெளியே வந்து, விமானத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். இடது கையை ஒரு சிலிண்டரின் தகடுகள்மேல் வைத்தார். சில்லென்று இருந்தது. கோபமெல்லாம் ஒன்றும் வரவில்லை, வெறுமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பஸ் ஏறினார்.

தங்கை வீடு ஒரு சந்தின் கடைசியில். தையல் இயந்திரம் ஜன்னலோரத்தில் துணி மூடிக் கிடந்தது. கதவைத் திறந்தவள் பாதியாக இளைத்திருந்தாள், ரவிக்கை தோளில் நிற்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள், மாவுக்கட்டைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டுவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் எதிரில் உட்கார்ந்தார். வழி நெடுக என்னென்னவோ ஜோடித்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"எனக்குக் காது கேக்காதும்மா."

அவள் முகம் மாறவில்லை. புரியவில்லைபோல.

"ரொம்ப நாளாவே கேக்கல. போன்ல சுத்தமா கேக்கல. நீ பேசினது எதுவுமே எனக்குத் தெரியாது. சரிம்மா சரிம்மான்னு சும்மா சொல்லிக்கிட்டிருந்தேன். கடைசியா அன்னைக்கு என்னவோ கேட்டியே, அது என்னன்னு தெரியாமத்தான் சரின்னேன். இப்ப சொல்லு. என் முகத்தைப் பாத்து, மெதுவா, ஒவ்வொண்ணா சொல்லு. நான் திருப்பிச் சொல்றேன்."

அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அப்புறம், அன்று போனில் சொன்னதையே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"வயித்துல கட்டின்னு சொன்னாங்க."

"வயித்துல கட்டின்னு சொன்னாங்க" என்றார். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்குள் இறங்கியது.

"வியாழக்கிழமை ஆபரேஷன்."

"வியாழக்கிழமை ஆபரேஷன்."

"பயமா இருக்கு."

"பயமா இருக்கு."

"எனக்கு யாரும் இல்லை."

அதையும் சொன்னார். "எனக்கு யாரும் இல்லை."

"நீ வர்றியாண்ணா?"

இதைத்தான் கேட்டிருக்கிறாள். இதற்குத்தான் சந்தோஷமாக, பலமாக, சரிம்மா கண்டிப்பா என்றிருக்கிறார். அந்த வியாழக்கிழமை இவள் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, கண்டிப்பாக வருகிறேன் என்ற அண்ணனுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் கூட இருந்தாளாம். மயக்கமருந்து கொடுக்கிறவரிடம், "இன்னும் கொஞ்சம் பொறுங்க, எங்கண்ணன் வந்திடும்" என்று சொன்னாளாம். அதை அவள் சொல்லச் சொல்ல, அவர் அதையும் திருப்பிச் சொன்னார். எங்கண்ணன் வந்திடும். அதற்குமேல் அவரால் முடியவில்லை. மாவுக்கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வயசுக்கு வெட்கப்படாமல் ஓவென்று அழுதார். எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. சந்தில் போனவர்கள் நின்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

தங்கை எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம் வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உடனே தையல் போட்ட இடம் வலித்திருக்க வேண்டும், கொஞ்சம் நகர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் உட்கார்ந்த இடத்துக்கே தட்டைக் கொண்டுவந்தாள். எதிரில் நின்று, அவர் நிமிர்ந்து தன் வாயைப் பார்க்கிறவரை காத்திருந்தாள்.

"இன்னைக்கு இங்கயே இருக்கியா?"

"சரிம்மா" என்றார், பழக்கதோஷம்.

அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. தட்டோடு திரும்பி, அறையைத் தாண்டிப் போய், சுவர் ஓரமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

விசிறிக்காரர் அந்த முதுகைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கேன்" என்றார். "இங்கயே இருக்கேன்."